பெயர்ச்சீட்டு இழந்த பதினாறு கற்கள்

எங்கள் பள்ளி ஆய்வகத்தின் மேல் அலமாரியில் கனிம மாதிரிகள் அடங்கிய மரப்பெட்டி ஒன்று பல ஆண்டுகளாக இருந்தது. சென்ற மழைக்காலத்தில் சுவரோரமாக ஏறிய கரையான் அந்தப் பெட்டியின் அடிப்பலகையையும், கற்களின் மீது பசை தடவி ஒட்டப்பட்டிருந்த பெயர்ச்சீட்டுகளையும் அரித்துத் தின்றுவிட்டது. கற்களுக்கு ஒரு சேதமும் இல்லை, ஆனால் எது எந்தக் கல் என்று சொல்ல ஓர் ஆதாரமும் மிஞ்சவில்லை. பெட்டியின் மூலையில் விரல் நகம் அளவுக்குக் கிடைத்த ஒரு காகிதத் துண்டில் மட்டும் "சைட்" என்ற கடைசி எழுத்துகள் தெரிந்தன. கனிமப் பெயர்களில் கால்சைட்டும் அப்படித்தான் முடிகிறது, மேக்னசைட்டும் அப்படித்தான் முடிகிறது.

புதிய மாதிரிப்பெட்டி வாங்கிவிடலாம் என்று உடன் பணிபுரிபவர்கள் சொன்னார்கள். நான் சேலத்துக்காரன், மாமாங்கத்தின் வெள்ளைக்கல் சுரங்கங்களையும் கஞ்சமலையின் இரும்புக்கல்லையும் பார்த்து வளர்ந்தவன். கையில் இருக்கும் கல்லுக்குப் பெயர் சொல்ல முடியாமல் அதைத் தூக்கி எறிய மனம் ஒப்பவில்லை. மாணவர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, கற்களுக்கு 1 முதல் 16 வரை எண் எழுதி, ஒவ்வொன்றையும் சோதித்து மறுபடியும் பெயரிடுவது என்று தீர்மானித்தேன். மூன்று வாரங்களில் மாலை வேளைகளில் செய்த அந்த வேலையின் பதிவு இது.

தொடங்கும் முன்பே ஒரு மாணவி, "சார், கல், பாறை, கனிமம் எல்லாம் ஒன்றுதானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை பெட்டிக்குள்ளேயே இருந்தது. 16-ஆம் கல் எங்கள் பகுதியில் வீட்டு அடித்தளத்துக்கும் சாலைக்கும் உடைக்கப்படும் நீலச்சாம்பல் நிறக் கருங்கல். அதைக் கைலென்ஸில் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் நீலச்சாயல் குவார்ட்ஸ், பளிச்சிடும் பெல்ட்ஸ்பார், கரும்பழுப்பான பைராக்சீன் எனப் பல பொருள்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும். அப்படிப் பல கனிமங்கள் சேர்ந்தது பாறை. இந்தக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜாப் சார்னாக்கின் கொல்கத்தாக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் அதே வகைதான் என்று கண்டு, 1893-இல் அந்தப் பெயரை வைத்தார்.

கனிமம் என்பது இயற்கையில் தானாகத் தோன்றிய திண்மம். அதற்குக் குறிப்பிட்ட வேதிச் சேர்க்கை உண்டு. அதன் அணுக்கள் ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும். இந்த நிபந்தனைகள் ஏட்டுச் சுரைக்காய் போலத் தோன்றலாம், ஆனால் 13-ஆம் கல் அவற்றின் பயனைக் காட்டியது. பச்சை நிறத்தில், கண்ணாடி போல மின்னிய அந்தக் கல்லைத்தான் மாணவர்கள் முதலில் கையில் எடுத்தார்கள், மரகதமோ என்று கூட ஒருவன் கேட்டான். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது உள்ளே வட்ட வட்டமான காற்றுக் குமிழ்கள் இருந்தன, உடைந்த முகம் சிப்பியின் உட்புறம் போல வளைந்திருந்தது. அது உலையிலிருந்து வந்த கசடு. மனிதன் உருக்கியதாலும், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படுவதற்குள் குளிர்ந்து உறைந்துவிட்டதாலும் அது இரண்டு வகையிலும் கனிமம் ஆகாது. வேதிச் சேர்க்கை மட்டும் போதாது, அடுக்கும் வேண்டும் என்பதற்கு வைரமும் பென்சில் கிராஃபைட்டும் எல்லோரும் அறிந்த சான்று. இரண்டும் வெறும் கார்பன்தான், ஆனால் அடுக்கு வேறு என்பதால் ஒன்று எதையும் கீறுகிறது, சிவகங்கைப் பக்கம் தோண்டியெடுக்கும் மற்றொன்று காகிதத்திலேயே தேய்ந்துபோகிறது.

கருவிகளுக்குச் செலவு அதிகம் ஆகவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு காந்தம், செப்புத் தகட்டுத் துண்டு, எஃகுக் கத்தி, சன்னல் கண்ணாடித் துண்டு, 0.1 கிராம் வரை காட்டும் சமையலறை மின்னணுத் தராசு, நூல், கண்ணாடிக் குவளை ஆகியவற்றோடு வேலை தொடங்கியது. கல்லைத் தேய்த்து அதன் தூளின் நிறத்தைப் பார்க்க மெருகு பூசாத பீங்கான் தேவை. முதலில் எடுத்த பழைய டைல்ஸின் பின்புறம் செம்மண் நிறத்தில் இருந்ததால் அதன் மேல் எந்த நிறமும் சரியாகத் தெரியவில்லை. வெள்ளை நிற உடலுள்ள தரை டைல்ஸ் ஒன்றை ஓடு விற்கும் கடையின் உடைசல் குவியலில் கேட்டு வாங்கினோம். உடைக்கும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டோம், தூள் செய்யும் வேலையை நீர் தெளித்து வெளித்திண்ணையில் செய்தோம். குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

எளிதானவை முதல் மாலையிலேயே முடிந்துவிட்டன. 1-ஆம் கல் காக்காப்பொன், அதாவது மைக்கா. நகத்தால் ஏடு ஏடாகப் பிரிந்தது, வளைத்து விட்டால் மறுபடியும் நிமிர்ந்தது. 3-ஆம் கல் கல்சட்டி செய்யும் மாக்கல்லில் உள்ள டால்க்; தொட்டால் சோப்பு போல வழுக்கியது. 14-ஆம் கல் பொன் நிறத்தில் கனசதுரமாக இருந்தது. அதன் முகங்களில் இணைகோடுகள் ஓடின, கத்தி அதைக் கீறவில்லை, அந்த டைல்ஸ் ஓட்டில் தேய்த்தபோது பச்சை கலந்த கருப்புத் தூள் விழுந்தது. பொன் என்றால் கத்தி எளிதில் அழுந்தியிருக்கும், தூளும் மஞ்சளாகவே இருந்திருக்கும். அது பைரைட்.

உண்மையான சிக்கல் ஆறு வெள்ளைக் கற்களில்தான் இருந்தது. 2, 4, 5, 7, 9, 10 ஆகிய ஆறும் ஏறக்குறைய ஒரே வெண்மை, ஒரே அளவு. நிறத்தை வைத்துக் கனிமத்தை அறிய முயல்வது எவ்வளவு பெரிய தவறு என்பதை இந்த ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கண்டோம். சிறிதளவு இரும்போ வேறு அசுத்தமோ கலந்தாலே ஒரே கனிமம் பல நிறம் காட்டும். வெண்மையோ எத்தனையோ கனிமங்களுக்குப் பொதுவானது.

முதலில் கடினத்தைப் பார்த்தோம். பிரீட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோலில் டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளோரைட் 4, அப்பட்டைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. எண்ணில் உயர்ந்தது தாழ்ந்ததைக் கீறும். நகம் 2.5, செப்பு 3, கத்தியும் கண்ணாடியும் ஏறத்தாழ 5.5 என்று வைத்துக்கொள்ளலாம். 10-ஆம் கல்லை நகமே கீறிவிட்டது. அதன் சிறு துண்டைச் சோதனைக் குழாயில் சூடாக்கியபோது குழாயின் மேல்பகுதியில் நீர்த்துளிகள் படிந்தன. படிகத்துக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறியதன் அடையாளம் அது. சித்த மருத்துவர் கற்பூரசிலாசத்து என்று அழைக்கும் ஜிப்சம் அது. அரியலூர், திருச்சிப் பகுதிக் களிமண்ணில் கண்ணாடித் தகடு போலக் கிடைக்கும். 4-ஆம் கல்லைச் செப்புத் தகடு சற்றே கீறியது. 5-ஆம் கல் கண்ணாடியைக் கீறியது.

2-ஆம் கல்லிலும் 9-ஆம் கல்லிலும்தான் நான் தவறினேன். 2-ஆம் கல்லின் மீது கத்தியை இழுத்ததும் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. "கத்தி கீறியது, கடினம் 5.5-க்குக் கீழ்" என்று ஏட்டில் எழுதி, எங்கள் ஊர் மேக்னசைட் என்று பெயரிட்டேன். 9-ஆம் கல்லின் மீது கத்தி வழுக்கிச் சென்றது, எந்தத் தடமும் இல்லை. அதற்குக் குவார்ட்ஸ் என்று பெயர் எழுதினேன். பெயர்ச்சீட்டைக்கூட எழுதி ஒட்டிவிட்டோம். ஒரு வாரம் கழித்துத் தராசில் எடை போட்டபோதுதான் இரண்டும் மாறிப்போயிருப்பது தெரிந்தது.

அந்த எடைச் சோதனையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு இணையானது வேறில்லை என்பது என் முடிவு. ஒரு பொருளின் எடை, அதே பருமனுள்ள நீரின் எடையைப் போல எத்தனை மடங்கு என்பதே ஒப்படர்த்தி. முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போட வேண்டும். பிறகு நீர் நிரம்பிய குவளையைத் தராசில் வைத்து அதன் எடையைக் குறித்துக்கொண்டு, கல்லை நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் நீரில் அமிழும்படி தொங்கவிட வேண்டும். கல் விலக்கும் நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு தராசு கூடுதலாகக் காட்டும். உலர் எடையை அந்தக் கூடுதலால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும். ஆர்க்கிமிடிஸின் தத்துவம் மனப்பாடமாகச் சொல்லும் மாணவன், நூலில் தொங்கும் கல் எடையைக் கூட்டுவதைத் தராசில் கண்ணால் கண்டதும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றான்.

2-ஆம் கல் 94.2 கிராம், நீரில் 35.5 கூடியது. வகுத்தால் 2.65. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி சரியாக அதுவே. மேக்னசைட் என்றால் 3-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். கல்லைத் திரும்ப எடுத்து, கத்திக் கோட்டின் மீது ஈர விரலால் தேய்த்துப் பார்த்தேன், கோடு அழிந்துபோனது. லென்ஸில் பார்த்தால் அந்த இடத்தில் பள்ளமே இல்லை. கல் கத்தியைத் தேய்த்திருக்கிறது, கத்தியிலிருந்து உதிர்ந்த எஃகுதான் கல்லின் மீது கோடாகப் படிந்திருக்கிறது. கீறலைப் பார்த்தவுடன் எழுதிவிடாமல், துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பள்ளம் உண்டா என்று அறிந்த பின்பே எழுத வேண்டும் என்பதை அன்று முதல் எல்லாக் கற்களுக்கும் விதியாக்கினோம்.

9-ஆம் கல் 103.6 கிராம். நீரில் தொங்கவிட்டதும் 36.9 கூடியது, அதாவது 2.81. குவார்ட்ஸுக்கு அது அதிகம், மேக்னசைட்டுக்கு அது குறைவு. உற்றுப் பார்த்தபோது கல்லிலிருந்து மெல்லிய குமிழ்கள் சரம் சரமாக மேலே போய்க்கொண்டிருந்தன. கல்லுக்குள் இருந்த துளைகளின் காற்று பருமனைக் கூட்டிக் காட்டுகிறது என்று புரிந்து, அப்படியே விட்டுவைத்தோம். தராசு சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும் வகை என்பதால், குவளையின் தொடக்க எடையைப் பூஜ்யமாக்காமல் முழு எண்ணாகவே எழுதி வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. அரை மணி நேரத்தில் குமிழ்கள் நின்றன, கூடுதல் 35.4-ஆகக் குறைந்தது, விடை 2.93 ஆயிற்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு: கல்லை வேறு பாத்திரத்தில் ஊறவைத்துப் பிறகு இந்தக் குவளையில் இறக்கினால் துளைகளுக்குள் புகுந்த நீரின் எடையும் தராசில் சேர்ந்துவிடும், பிழை அப்படியே நிற்கும். ஊறுவதும் அளப்பதும் ஒரே குவளையில் நடக்க வேண்டும்.

கல்லின் வேறு முகங்களில் கத்தியை இழுத்தபோது தெளிவான பள்ளம் விழுந்தது. முதல் நாள் நான் இழுத்த இடத்தில் மட்டும் அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு குவார்ட்ஸ் போலக் கடினமான, ஒளி ஊடுருவும் சிலிக்கா நரம்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சேலத்து மேக்னசைட், டியூனைட் என்ற பாறையின் வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்தது, அதனோடு சிலிக்காவும் சேர்ந்தே வரும் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான், ஆனால் கல்லைக் கையில் வைத்திருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. உடைந்த முகம் மெருகிடாத பீங்கான் போல மழுமழுப்பாக, படிகம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது இதன் அடையாளம். ஆங்கிலேயர் இந்தக் குன்றுகளைப் பார்த்துச் சுண்ணக்குன்று என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். உண்மையில் அங்கே சுண்ணம் இல்லை, உலைகளின் உட்சுவருக்கான, வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய உதவும் மெக்னீசியம் கார்பனேட்தான் இருக்கிறது.

சந்தேகம் முழுவதும் தீர அமிலச் சோதனை செய்தோம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளியை 4-ஆம் கல்லின் மீது விட்டதும் சீறிக்கொண்டு நுரைத்தது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது. 9-ஆம் கல்லின் மீது அதே துளி அசையாமல் நின்றது. அதன் தூளைக் குழாயில் இட்டு அமிலத்தோடு மெல்லச் சூடாக்கிய பிறகே குமிழ்கள் வரத் தொடங்கின. குளிர்ந்த அமிலத்தில் நுரைப்பது கால்சைட், சூடாக்கினால் மட்டும் நுரைப்பது மேக்னசைட். வீட்டில் செய்பவர்கள் கழிப்பறை அமிலத்தைத் தொட வேண்டாம்; கால்சைட்டைத் தூளாக்கி வினிகர் ஊற்றினாலே, மெதுவாக என்றாலும், குமிழ் தெரியும். 4-ஆம் கல்லின் ஒப்படர்த்தியும் 86.4-ஐ 31.9-ஆல் வகுக்க 2.71 என வந்து கால்சைட்டோடு பொருந்தியது. சுத்தியலால் மெல்லத் தட்டியபோது அதன் துண்டுகள் எல்லாம் சாய்ந்த பெட்டி வடிவத்திலேயே பிளந்தன, ஒரு மூலை 75 பாகை, அடுத்தது 105 பாகை. எவ்வளவு சிறிதாக உடைத்தாலும் அதே சாய்வு. அணு அடுக்கின் ஒழுங்கைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான் என்று மாணவர்களுக்குக் காட்டினேன். "சைட்" என்ற துண்டு எந்தக் கல்லுக்கு உரியது என்பது மட்டும் கடைசிவரை தீரவில்லை, அதைக் கண்ணாடித் தாளில் வைத்துப் பெட்டியிலேயே பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

5-ஆம் கல்லை விளக்கின் கீழ் மெல்லச் சுழற்றினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முகத்தின் படிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னி மறையும். அது பிளவுத்தளம், ஏறத்தாழச் செங்கோணத்தில் இன்னொரு தளமும் இருந்தது. குவார்ட்ஸுக்கு அப்படிப்பட்ட பிளவே கிடையாது. 71.9-ஐ 28.0-ஆல் வகுக்க 2.57, அது பெல்ட்ஸ்பார் குடும்பத்தின் ஆர்த்தோகிளேஸ். 7-ஆம் கல்லுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை என்றே சொல்லலாம், கையில் எடுத்தவுடன் எல்லோரும் "கனமாக இருக்கிறதே" என்றார்கள். 112.5 கிராம், நீரில் 25.3, விடை 4.45. உலோக மிளிர்வே இல்லாத ஒரு வெள்ளைக் கல் இவ்வளவு கனமாக இருந்தால் அநேகமாக அது பேரைட். ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் இதன் மாபெரும் படிவு இருக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது ஊற்றும் சேற்றுக்கு எடை சேர்க்க இதைத்தான் அரைத்துக் கலக்கிறார்கள்.

கருப்புக் கற்களில் 6-ஆம் கல் காந்தத்தை இழுத்துப் பிடித்தது, தூளும் கருப்பு. 8-ஆம் கல் அதைவிடக் கருப்பாக மின்னியது, ஆனால் ஓட்டில் தேய்த்ததும் காய்ந்த இரத்தத்தின் நிறத்தில் கோடு விழுந்தது. கருத்த கல்லிலிருந்து செந்நிறத் தூள் வருவது ஹேமடைட் என்ற இரும்புக் கனிமத்தின் முத்திரை, 5.09 என்ற ஒப்படர்த்தியும் அதற்கு ஒத்தது. 6-ஆம் கல்லின் ஒப்படர்த்தி மட்டும் 4.02 என வந்து எங்களைத் திகைக்க வைத்தது, ஏனென்றால் காந்தம் பற்றும் இரும்புக் கனிமமான மேக்னடைட் 5.2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பக்கவாட்டில் நீரால் நனைத்துப் பார்த்தபோது கருப்பும் வெளிர்சாம்பலும் மாறி மாறிப் பட்டை பட்டையாக ஓடின. அது கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட்டும் குவார்ட்ஸும் கலந்த பட்டைப்பாறை. குவார்ட்ஸ் 2.65, மேக்னடைட் 5.2 என்று வைத்துக் கணக்கிட்டால், பருமனில் பாதிக்குச் சற்றே மேல் மேக்னடைட் என்று வருகிறது. ஒப்படர்த்தி தூய கனிமத்துக்கே பெயர் சொல்லும், கலவையில் அது கலவையின் விகிதத்தைச் சொல்லும் என்பதை இந்தக் கல்லில் கற்றோம்.

11-ஆம் எண் ஒரு பொட்டலம். அதில் கருஞ்சிவப்பு மணிகள் பதினொன்று இருந்தன. ஒரு மணி 6.8 கிராம், நீரில் 1.7. தராசு 0.1 பிழைத்தாலும் விடை 3.8-லிருந்து 4.2 வரை ஆடும் என்பதால், பதினொன்றையும் ஒரே வலைத்துணியில் கட்டி, வலைத்துணியை மட்டும் அமிழ்த்திய எடையைக் கழித்து அளந்தோம்: 48.3-ஐ 12.1-ஆல் வகுக்க 3.99. சிக்கல் என்னவென்றால், சாம்பல் கலந்த செந்நிறப் பீப்பாய் போலிருந்த 12-ஆம் கல்லும் 3.97 காட்டியது. எடை இரண்டையும் பிரிக்க முடியாத இடத்தில் கடினமும் வடிவமும் பிரித்தன. மணிகளில் சாய்சதுர முகங்கள் தெரிந்தன, அது கார்னெட்டின் வடிவம். 12-ஆம் கல்லோ ஆறு பக்கம் கொண்டது, அதன் முனை கார்னெட் மணியைப் பள்ளமாகக் கீறியது, மணியால் அதைக் கீற முடியவில்லை. இரண்டுமே ஓட்டில் வெள்ளைத் தூளைத்தான் விட்டன, ஆனால் 12-ஆம் கல்லின் விஷயத்தில் அது கல்லின் தூள் அல்ல, அரைபட்ட ஓட்டின் தூள். அது குருந்தம். ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது, மாணிக்கமும் நீலமும் இதே கனிமத்தின் ஒளி ஊடுருவும் நிறவகைகள் என்று சொன்னபோது, இதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கல் கை கையாக மாறியது.

எஞ்சியது 15-ஆம் கல். கரும்பச்சை, கத்தி கீறாதது, காந்தம் பற்றாதது, ஒப்படர்த்தி 3.24. ஹார்ன்பிளெண்டாகவும் இருக்கலாம், பைராக்சீனாகவும் இருக்கலாம். முதலாவதில் பிளவுத்தளங்கள் 56-க்கும் 124-க்கும் அருகிலான பாகையிலும், இரண்டாவதில் ஏறத்தாழ 90 பாகையிலும் சந்திக்கும். எங்கள் கல்லின் மணிகள் மிகச் சிறியவை, பத்து மடங்கு லென்ஸில் அந்தக் கோணம் பிடிபடவில்லை. நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்றால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் ஒன்று அறுக்க வேண்டும்.

புதிய பெயர்ச்சீட்டுகளை அரக்கிட்ட கண்ணாடிக் குப்பிகளில் இட்டு ஒவ்வொரு கல்லின் அருகிலும் வைத்திருக்கிறோம். பெயரோடு எடை, நீரில் கூடியது, ஒப்படர்த்தி, கடினம், தூளின் நிறம், அளந்தவரின் முதலெழுத்து, தேதி எல்லாம் அதில் உண்டு. 2-ஆம், 9-ஆம் கற்களின் பழைய தவறான சீட்டுகளையும் அடித்துவிட்டு உள்ளேயே வைத்திருக்கிறேன். 15-ஆம் சீட்டில் எண்கள் அனைத்தும் எழுதப்பட்டிருக்கின்றன, பெயருக்கான வரி மட்டும் காலியாக இருக்கிறது.